புதுப்பிப்பு: கர்ல் கம்பைல் பிழை தீர்ந்தது
பாலக்கோடு மண்டித் தக்காளி விலையை இணையத்திலிருந்து எடுக்க சி மொழியில் ஒரு நிரல் எழுதி, உபுண்டு லினக்ஸில் கம்பைல் செய்தால் (இயங்கும் நிரலாக மாற்றினால்) கர்ல்.ஹெச், அதாவது இணையத்திலிருந்து தரவு எடுக்க உதவும் கர்ல் நூலகத்தின் கோப்பு, இல்லை என்று நிற்கிறது எனப் போன வாரம் புலம்பியிருந்தேனே, சரியாகிவிட்டது. டெர்மினலில் கர்ல் கட்டளை நன்றாக ஓடுகிறதே, அப்புறம் எப்படி இல்லை என்கிறது என்று இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். கட்டளை வேறு, நூலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் கர்ல்.ஹெச் போன்ற ஹெட்டர் கோப்புகள் வேறு. அவை லிப்கர்ல்4-ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவ் என்ற தனி பேக்கேஜில் வருகின்றன. உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் மூலம் அதைப் போட்டேன். உடனே அடுத்த பிழை: நிரலில் நான் அழைத்த கர்ல்_ஈசி_இனிட் என்ற கர்ல் செயல்கூறு எங்கே என்று, நிரலை நூலகத்தோடு இணைக்கும் லிங்கர் கேட்டது. ஜிசிசி கம்பைலரை ஓட்டும் கட்டளை வரியில், கர்ல் நூலகத்தை இணைக்கச் சொல்லும் '-எல்கர்ல்' என்பதை நிரல் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தேன், அதைக் கடைசிக்குத் தள்ளியதும் ஓடியது. இங்கே தருமபுரியில் மழை, நெட் இல்லை. விலையைத்தான் இன்னும் பார்க்கவில்லை.