மோன் பிளாங், லிஸ்காம்: ஒரு சிகரத்திலிருந்து அடுத்த சிகரத்துக்கு எந்த வழி?

(ஆல்ப்ஸ் மலையேறுவோரின் உரையாடல் இது. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பனிக்கோடாரி

மோன் பிளாங்குக்கு டாகுல், மோதி என்ற இரண்டு மலைகளைத் தாண்டிப் போகும் ‘மூன்று மலை வழி’ நல்லதா, கூத்தே பக்கம் ஏறி அப்படியே இறங்குவது நல்லதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் உயரத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். மூன்று மலை வழி தொடங்கும் கொஸ்மிக் குடில் (மலையேறுவோர் தங்கும் விடுதி) 3,613 மீட்டர். உச்சி ஏறக்குறைய 4,806. வித்தியாசம் 1,200 மீட்டர்தானே என்று தோன்றும்.

ஆனால் வழி ஏறி ஏறி இறங்குகிறது. குடிலிலிருந்து முதலில் மிடி கணவாய்க்கு (3,532) இறக்கம். அங்கிருந்து டாகுல் தோளுக்கு ஏறி, மோதி கணவாய்க்கு (4,035) மறுபடி இறக்கம். பிறகு மோதியின் வடசரிவில் 4,345 வரை ஏற்றம், ப்ரென்வா கணவாய்க்கு (4,303) சின்ன இறக்கம், அதன்பின் கடைசி 500 மீட்டர். கூட்டினால் மொத்த ஏற்றம் சுமார் 1,400. அந்த உயரத்தில் மணிக்கு 250 மீட்டர் ஏறினாலே நல்ல வேகம். மோதியில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு 1 மணிக்குக் குடிலில் காலை உணவு போடுவது இதற்காகத்தான்.

போன வழியே திரும்புகிறவர்கள் மறக்கிற ஒன்று: மிடி சிகரத்தின் ரோப் கார் நிலையம் சுமார் 3,800 மீட்டரில் இருக்கிறது. நாள் முழுக்க நடந்து களைத்த கால்களோடு மிடி கணவாயிலிருந்து 250 மீட்டருக்கு மேல் ஏறினால்தான் வண்டி. கடைசி வண்டி நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வடசரிவு

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் இந்த வழியில் ஆட்களைக் கொன்றவை வேறு இரண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது டாகுலின் செராக்குகள், அதாவது பனியாறு உடைந்து நிற்கும் பெரிய பனிக்கட்டிச் சுவர்கள். 2008 ஆகஸ்ட் 24 அன்று அதிகாலை, இருட்டில், ஒரு செராக் சரிந்து 8 பேர் இறந்தார்கள். பனியாறு தன் எடையால் நகர்ந்துகொண்டே இருப்பதால் செராக் உடைகிறது. வெயில் வந்தால் விழும், குளிரில் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. சீக்கிரம் கிளம்புவதால் இந்த ஆபத்து குறையாது, அடியில் நிற்கும் நேரத்தைக் குறைத்தால்தான் குறையும். அதனால் சரிவின் அடியிலேயே கிராம்பான் (காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்), கயிறு எல்லாம் சரிபார்த்துவிட்டு, தோள் வரும்வரை தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல் போவதுதான் முறை. புதிதாக விழுந்த நீலநிறக் கட்டிகள் தடத்தின் மேல் கிடந்தால் அன்றைக்குத் திரும்பிவிடலாம்.

இரண்டாவது மோதியின் வடசரிவு. 2012 ஜூலை 12 காலை அங்கே பனிச்சரிவில் 9 பேர் இறந்தார்கள். அது காற்றால் திரண்ட பலகைப்பனி. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறைவுப் பக்கத்தில் கெட்டியான அடுக்காகப் படியவைக்கும். அடியில் பிடிப்பு இருக்காது, ஆள் பாரம் பட்டதும் தட்டாக உடைந்து நழுவும். வானம் தெளிவாக இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது, முந்தைய இரண்டு நாளில் பனி பெய்ததா, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று அடித்தது என்று பாருங்கள். பெய்திருந்தால் குறைந்தது ஒரு நாள், பலத்த காற்றும் சேர்ந்திருந்தால் இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். காலடியில் ‘வும்’ என்று அமுங்கும் ஒலி, கிராம்பான் பட்ட இடத்திலிருந்து ஓடும் விரிசல், இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது. முன்னே பத்துப் பேர் போயிருக்கிறார்கள் என்பது எந்த உத்தரவாதமும் அல்ல.

கீழிறங்கி

டாகுல் வழியே ஏறி கூத்தே வழியே இறங்குவது புத்திசாலித்தனம் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. பிற்பகலில் டாகுலில் பனிப்பிளவுகள் மேலிருக்கும் பனிப்பாலங்கள் இளகிவிடும், செராக் அடியில் இரண்டாம் முறை போக வேண்டியும் இருக்கும். அந்த வகையில் கூத்தே வழி சிறந்தது.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். காலை 8 அல்லது 9 மணிக்கு உச்சி. பொஸ் முகடு வழியே வல்லோ அவசரக் குடிலைத் (4,362) தாண்டி கூத்தே குடிலுக்கு (3,835) வரும்போது நண்பகல். அங்கிருந்து பாறைமுகட்டில் 500 மீட்டர் இறங்கினால் தெத் ரூஸ் குடிலுக்கு முன் ‘பெரிய ஓடை’யைக் (தண்ணீர் ஓடை அல்ல, மலைச்சரிவில் கற்கள் உருண்டு வரும் செங்குத்துப் பள்ளம்) குறுக்கே கடக்க வேண்டும். பாறைகளைக் கட்டிப்பிடித்திருக்கும் உறைபனி மதியம் இளகுவதால், அங்கே கல் அதிகம் விழுவதும் அந்த நேரத்தில்தான். வெப்பம் மிகுந்த 2022 ஆகஸ்டில் கல்விழுகையின் காரணமாக இரண்டு குடில்களையுமே மூடினார்கள்.

எனவே கூத்தே குடிலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலை ஓடையைக் கடப்பதாகவே திட்டமிடுங்கள். படுக்கைக்கு முன்பதிவு கட்டாயம், வெளியே கூடாரம் போட அனுமதி கிடையாது. கடக்கும்போது ஒருவர் மேலே பார்த்து நிற்க, மற்றவர் போக வேண்டும். ஹெல்மெட் பைக்குள் இருந்து பயனில்லை.

லிஸ்காம் பக்கம்

சுவிஸ்-இத்தாலி எல்லையில், மோண்டே ரோசா மலைத்தொகுதியின் பக்கம் இதே கேள்வி வேறு விதமாக வரும். காஸ்டர் சிகரம் (4,228) முடித்து, குவின்டினோ செல்லா குடிலில் (3,585) தங்கி, மறுநாள் நிஃபெட்டி குடிலுக்குப் (3,647) போக இரண்டு வழி. ஒன்று லிஸ்காம் முகட்டின் மேல், மேற்குச் சிகரம் 4,479, கிழக்குச் சிகரம் 4,527, பிறகு லிஸ் கணவாய். இன்னொன்று தெற்கே சுற்றி, நாசோ என்ற தோளைத் தாண்டி.

முகட்டில் சிக்கல் கார்னிஸ். காற்று பனியை முகட்டுக்கு அப்பால் தள்ளிக் கட்டிய கூரை அது, கீழே வெறும் காற்று. 1877-ல் லிஸ்காமில் அப்படி ஒரு கூரை உடைந்து 5 பேர் மொத்தமாகப் போனார்கள். நிற்பவருக்கு அது திடமான முகடாகவே தெரியும். உடையும் கோடு விளிம்பில் இருக்காது, பல மீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். ஆகவே காற்று வரும் பக்கச் சரிவில், உச்சிக்கோட்டுக்குச் சில மீட்டர் கீழே நடக்க வேண்டும், கால் வலித்தாலும். பழைய தடம் உச்சிக்கோட்டில் போனால் அதைப் பின்பற்றாதீர்கள். முன்னறிவிப்பில் காற்று மணிக்கு 40, 50 கிலோமீட்டர் என்றாலோ, மேகம் மூடினாலோ முகட்டை விட்டுவிடுங்கள். நடுவில் இறங்கித் தப்ப எளிய இடம் கிடையாது.

நாசோவும் சும்மா நடந்துபோகும் பாதை அல்ல. ஏறும் சரிவு 45 டிகிரி வரை போகும், ஆகஸ்டில் வெறும் பனிக்கட்டியாக இருப்பதும் உண்டு. இரண்டு ஐஸ் ஸ்க்ரூவாவது (பனிக்கட்டியில் திருகிக் கயிற்றை மாட்டும் ஆணி) வேண்டும். அந்தப் பக்கம் இறங்கும் இடத்தில் காலை வெயில் முதலில் படும், பனிப்பிளவுகளும் உண்டு. விடிவதற்கு முன் கிளம்பினால்தான் அங்கே பனி இறுக்கமாக இருக்கும்.

என் பரிந்துரை: குழுவில் ஒருவருக்கு முகட்டு அனுபவம் குறைவாக இருந்தாலும் நாசோ.

புதியவன்

கயிறு கட்டிக்கொண்டால் முகட்டில் பயமில்லை அல்லவா?

வடசரிவு

கயிறு எங்கே மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது தம்பி. பனியாற்றில் இரண்டு பேர் என்றால் 15 மீட்டர் இடைவெளி, நடுவில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு முடிச்சு. பிளவில் ஒருவர் விழுந்தால் முடிச்சு விளிம்பில் சிக்கி வேகத்தைக் குறைக்கும். மூன்று பேர் என்றால் 10 முதல் 12 மீட்டர் போதும். செங்குத்துச் சரிவில் ஸ்க்ரூ எதுவும் போடாமல் கயிறு மட்டும் கட்டியிருந்தால், ஒருவர் வழுக்கினால் எல்லாரும் போவார்கள். அங்கே ஒன்று ஸ்க்ரூ போடுங்கள், இல்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கூரான முகட்டில் ஒருவர் இடப்பக்கம் விழுந்தால் மற்றவர் உடனே வலப்பக்கம் குதிக்க வேண்டும். யோசிக்க நேரம் இருக்காது, அதனால் கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம்

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. சுவிஸ் 1:25,000 வரைபடத்தில் மலைப்பகுதிக்கு 20 மீட்டருக்கு ஒரு உயரக்கோடு, 100 மீட்டருக்கு ஒரு தடித்த கோடு. தடித்த கோடுகளுக்கு நடுவே 7 மில்லிமீட்டர் இருந்தால் சரிவு சுமார் 30 டிகிரி, 4 மில்லிமீட்டர் என்றால் 45. பலகைப்பனி நழுவுவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். உங்கள் வழி மட்டுமல்ல, அதற்கு மேலே இருக்கும் சரிவையும் அளந்து பாருங்கள்.

அவசர எண் பிரான்சிலும் இத்தாலியிலும் 112. சுவிஸ் பக்கம் வலே மாநிலத்தில் 144. முகட்டில் போன் எந்த நாட்டு டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, எண்களைத் தாளில் எழுதி ஹெல்மெட்டுக்குள் ஒட்டிவையுங்கள்.