வாரம் ஒரு இன்டர்பெரான் ஊசி: பாதுகாப்பானதா?

பாலக்கோட்டுத் தம்பி:
அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய். வாரம் ஒன்று வீதம் 48 வாரத்துக்குப் பெக்-இன்டர்பெரான் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி வைரஸை அடக்குமாம். அப்படித் தூண்டுவதில் ஆபத்து இல்லையா?

ஓசூர் பார்மசிஸ்ட்:
பயப்படாதீர்கள் தம்பி. நேற்று வந்த மருந்தல்ல. அமெரிக்காவில் 2005-லேயே ஹெபடைடிஸ் பி-க்கு அனுமதி கிடைத்துவிட்டது. முதல் சில ஊசிகளுக்குக் காய்ச்சல், உடம்புவலி வரும். பாரசிட்டமால் போதும்.

அரூர் அக்கா:
பாரசிட்டமாலோடு முடிகிற கதையா அது? வெள்ளணுவும் தட்டணுவும் குறையும், தைராய்டு கெடலாம். மனச்சோர்வு தற்கொலை எண்ணம் வரை போகலாம் என்று மருந்தோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறது. தூண்டிவிட்ட எதிர்ப்புச் சக்தி, வைரஸ் புகுந்த கல்லீரல் செல்களைத்தான் தாக்கும். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய், முற்றியவருக்கு அதுவே உயிருக்கு உலை. 2006-இல் லண்டனில், இதேபோல எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற சோதனை மருந்து ஆறு பேரை ஐசியூவில் தள்ளியதே, மறந்துவிட்டதா? குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அதையும் போட்டார்கள்.

ஓசூர் பார்மசிஸ்ட்:
அது வைரஸ் மருந்தே இல்லையே! மனிதருக்கு முதன்முதலாகப் போட்டுப் பார்த்த மருந்து. உலகம் முழுக்கப் பல வருடமாகப் போடுகிற ஊசியோடு அதைச் சேர்ப்பது நியாயமா?

அரூர் அக்கா:
சரி, லண்டனை விடுங்கள். இந்த ஊசியின் ஆய்வில் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நம் பக்கம்? இரண்டு மாதம் ஒழுங்காக டெஸ்ட் எடுப்பார், அப்புறம் தக்காளி அறுப்பு வந்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார். சோர்ந்து உட்கார்ந்தால் வேலைக் களைப்பு என்று விட்டுவிடுவோம்.

ஓசூர் பார்மசிஸ்ட்:
அது மருந்தின் குற்றமா?

அரூர் அக்கா:
இல்லை. ஆனால் கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் அதே ஊசி வேறு ஊசி.

பர்கூர்க்காரன்:
வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை இருக்கிறதே? 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ஓசூர் பார்மசிஸ்ட்:
இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் விழுங்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பும். ஊசிக்காவது ஒரு முடிவு உண்டு.

பாலக்கோட்டுத் தம்பி:
ஒன்று கேட்கணும். கடன் தொல்லையில் அண்ணன் கொஞ்ச நாள் மனநல டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். இந்த டாக்டருக்கு அது தெரியாது.

ஓசூர் பார்மசிஸ்ட்:
அதை முதலில் சொல்ல வேண்டாமா தம்பி! ஊசி போடும் முன் கட்டாயம் சொல்லுங்கள். பர்கூர்க்காரர் சொன்ன மாத்திரையைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். இவர் விஷயத்தில் ஊசிக்காக நான் வாதாடமாட்டேன்.

அரூர் அக்கா:
சிரோசிஸ் இருக்கிறதா என்று ஃபைப்ரோஸ்கேன், அதுதான் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன், எடுத்தாரா?

பாலக்கோட்டுத் தம்பி:
இன்னும் இல்லை அக்கா. திங்கட்கிழமை தருமபுரி போகிறோம், இரண்டையும் கேட்கிறேன்.