கோர்ட் ‘இன்டர்மீடியரி’க்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சொல்லு வேணும், கொஞ்சம் அவசரம்.

நான் ஸ்பெஷல் எஜுகேட்டர். போன மாசம் ஒரு கோர்ட்டுல சாட்சி சொல்ற பையனுக்காகக் கூப்பிட்டிருந்தாங்க. பெருமூளை வாதம், பேச்சு குழறும், தமிழ் நல்லாவே தெரியும் ஆனா அவன் சொல்றது பழகினவங்களுக்குத்தான் பிடிபடும், மிச்சத்தை மடியில வெச்சிருக்கற படப்பலகையில விரல் வெச்சுக் காட்டுவான். உறுதிமொழித் தாளை நீட்டுறாங்க, “மொழிபெயர்ப்பாளராகிய நான் ______ மொழியிலிருந்து ______ மொழிக்கு”ன்னு டைப் அடிச்சிருக்கு. ரெண்டு கோட்டுலயும் தமிழ்னு எழுதிக் குடுத்தேன். கிளார்க்கம்மா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

சட்டத்துல இடம் இருக்கு. 2013 திருத்தத்துல சாட்சியச் சட்டம் 119-ல சேர்த்தாங்க, இப்போ அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 125. வாயால சொல்ல முடியாத சாட்சின்னா இன்டர்ப்ரெட்டர் இல்ல ஸ்பெஷல் எஜுகேட்டர் உதவியோடதான் வாக்குமூலம் வாங்கணும், வீடியோவும் எடுக்கணும். இங்கிலாந்துல 1999 சட்டம் 29-ம் பிரிவுல இந்த வேலைக்குத் தனிப் பேரே இருக்கு, இன்டர்மீடியரி. கேள்வியை சாட்சிகிட்ட கொண்டுபோகணும், பதிலைத் திருப்பிக் கொண்டுவரணும், ரெண்டு பக்கமும் புரியற அளவுக்கு விளக்கவும் செய்யலாம். இதுக்கு நாம என்ன சொல்றது?

—

> இதுக்கு நாம என்ன சொல்றது?

இடைத்தரகர்னு மட்டும் யாரும் ஆரம்பிச்சிடாதீங்கப்பா, ஆர்டிஓ ஆபீஸ் வாசல்தான் கண்ணுக்கு வரும். துபாஷின்னு பழைய சொல்லு சும்மாதானே கிடக்கு, கம்பெனி காலத்து மொழிபெயர்ப்பாளருக்கு அதான் பேரு, அதைத் தூசு தட்டுனா என்ன? இல்லேன்னா இலங்கைக்காரங்க உரைபெயர்ப்பாளர்னு அழகாச் சொல்றாங்க, வாய்மொழியா பெயர்க்கறவர்னு தெளிவாவும் இருக்கு.

—

> துபாஷின்னு பழைய சொல்லு

துபாஷின்னாலே ரெண்டு பாஷை அண்ணா, இங்க இருக்கறது ஒரே பாஷை. அதோட பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் டூப்ளேகிட்ட இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையையே எடுத்துக்குங்க, துபாஷி வேலையும் பார்த்தார் சொந்த வியாபாரமும் பண்ணினார். கோர்ட் பயப்படுறதே இந்த சொந்த லாபத்துக்குத்தான். 2012-ல ராஜஸ்தான் கொலைக் கேஸ் ஒண்ணு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, காது கேக்காத வாய் பேசாத பொண்ணுதான் சாட்சி, அவங்க சைகையை எடுத்துச் சொன்னது அவங்க அப்பா, அவருக்கு சத்தியப்பிரமாணமும் செஞ்சுவைக்கல. சாட்சியமே நிக்கல. பெயர்த்துச் சொல்றவர் அதே சூழல்ல இருந்து வரணும், ஆனா கேஸ்ல அவருக்கு எந்த அக்கறையும் இருக்கக்கூடாது, பிரமாணம் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. பள்ளிக்கூடமே போகாத ஒருத்தரோட வீட்டுச் சைகை வீட்டாளுக்குத்தான் புரியும், வீட்டாளை வெச்சா கேஸ் நிக்காது. என்ன பண்றது சொல்லுங்க!

உரைபெயர்ப்பாளர் சைகைமொழிக்குக் கச்சிதம், ஏன்னா அது தனி மொழி. 2023 செப்டம்பர்ல சாரா சன்னிங்கற காது கேக்காத வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுல சைகைமொழி மூலமா ஆஜரானாங்கல்ல, அங்க அவங்க சைகையைப் பெயர்த்துச் சொன்னவர் உரைபெயர்ப்பாளர்தான். ஆனா அந்தப் படப்பலகைப் பையனுக்கு நான் எதையும் பெயர்க்கலியே.

—

வக்கீல் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. விளக்கறதுங்கறதுதான் இதுல முக்கியம், அதுவும் பதிலைவிடக் கேள்வியை. குறுக்கு விசாரணையில நாங்க “அன்னிக்கு நீ அங்க போகல, அப்படித்தானே?”ம்போம். பையன் “ஆமா”ம்பான். போகலன்னு ஒத்துக்கிட்டானா, போனேன்னு சொல்றானா? நல்லாப் பேசறவங்களே இதுல வழுக்கி விழுவாங்க, தலையை மட்டும் ஆட்டற பையன் எந்த மூலைக்கு. இங்கிலாந்துல விசாரணைக்கு முன்னாடியே ஜட்ஜ், வக்கீல்கள், இன்டர்மீடியரி எல்லாரும் உக்காந்து எப்படிக் கேக்கலாம் எப்படிக் கேக்கக்கூடாதுன்னு பேசி முடிச்சிடறாங்க, இந்த “தானே” வெச்ச கேள்விதான் அங்க முதல்ல அடிபடும்.

புரிதல் உதவியாளர்னு போட்டா சாட்சிக்கு உதவ வந்தவர்னு எதிர்த்தரப்பு பிடிச்சுக்கும். அவரோட கடமை கோர்ட்டுக்கு, ஆளுக்கு இல்ல. அதனால வழக்குரைஞர் மாதிரியே இடையுரைஞர். ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு உரைக்கறவர், யார் பக்கமும் சாயாத சொல்லு.

—

> இடையுரைஞர்

முதல் தடவை படிச்சப்போ இடையூறுன்னு கண்ணுல பட்டுச்சு சார், சிரிச்சுட்டேன். ஆனா நெஜமாவே நான் குறுக்க பூந்துதானே ஆகணும், “ஐயா, இந்தக் கேள்வி அவனுக்குப் புரியல, உடைச்சுக் கேளுங்க”ன்னு எழுந்து சொல்றதுதான் பாதி வேலையே. அதனால எனக்கு ஓகே. வேற யாருக்காவது இதைவிட நல்லதா தோணுச்சுன்னா இந்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க.

அப்படியே அந்த உறுதிமொழி வாசகத்தையும் யாராவது எழுதித் தந்தா புண்ணியமாப் போகும். இடையுரைஞராகிய நான்னு ஆரம்பிச்சு, அந்த ரெண்டு கோடு இல்லாம. வாய்தா 14-ம் தேதி.