நாளை நாலு மணிக்குள்

தோட்டத்து வீடு (குடும்பக் குழு)

மணி: நிவேதாவுக்கு பி.எஸ்சி. நியூட்ரிஷன் சீட் கிடைத்துவிட்டது. நாளை மாலை 4 மணிக்குள் பணம் கட்ட வேண்டும். அவங்க அப்பா ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். அண்ணா, நீங்க ஒரு வார்த்தை பேசுங்க.

செல்வராஜ்: சோறாக்கப் படிக்க மூன்று வருஷமா?

கோபால்: அண்ணி இதைப் படித்தால் இன்று ராத்திரி உங்களுக்குச் சோறு இல்லை.

கீதா: மணி, வித்யாவைக் கேள். ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாகத்தானே இருக்கிறாள்.

செல்வராஜ்: வித்யா எனக்கு எழுதிக் கொடுத்த டயட் சீட்டு ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது.

கோபால்: கதவுக்கு உள்ளே மைசூர்பா.

வித்யா: டூட்டியில் இருந்தேன் சித்தி. மாமா, இது சமையல் படிப்பு இல்லை. உடலியல், உயிர் வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் உண்டு. நேற்று முளைத்ததும் இல்லை. நம் குன்னூரில் 1918-இல், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சின்னக் கூடம்தான் இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஆனால் சித்தி, மூன்று வருஷத்தோடு முடியாது. டயட்டீஷியன் ஆக எம்.எஸ்சி. இரண்டு வருஷம், இல்லையென்றால் ஒரு வருஷ பி.ஜி. டிப்ளமா. அப்புறம் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். அதன் பிறகு இந்திய டயட்டெடிக் சங்கத்தின் ஆர்.டி. (பதிவுபெற்ற டயட்டீஷியன்) தேர்வு. எனக்கு முதல் சம்பளம் 12,000.

செல்வராஜ்: நம் தோப்பில் தேங்காய் உரிக்கிறவர் இதைவிட அதிகம் வாங்குகிறார் கண்ணு.

வித்யா: வாங்கட்டும் மாமா. காலையில் ஐ.சி.யூ. ரவுண்ட்ஸ். மூக்குக் குழாயில் சாப்பிடுகிறவருக்கு எத்தனை மில்லி, எவ்வளவு புரதம் என்று கணக்குப் போட வேண்டும். மதியம் கிச்சனில் நின்று உப்பில்லாத தட்டு சரியான கட்டிலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம்...

செல்வராஜ்: சரி சரி.

நிவேதா: அக்கா, ஆஸ்பத்திரி மட்டும்தானா? எனக்கு ஸ்போர்ட்ஸ் பக்கம் ஆசை.

வித்யா: அதுவும் உண்டு. உணவு கம்பெனிகள் உண்டு. அரசு வேலை என்றால் அங்கன்வாடித் திட்ட அலுவலர் தேர்வு எழுதலாம். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்திலும் நம் பிரிவு இருக்கிறது. ஆனாலும் 15 நாள் ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் டயட் கோச் என்று போர்டு மாட்டுகிறார். அவர்களோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

செல்வராஜ்: அஞ்சாறு வருஷம் படிக்க வைக்க கீதா வீட்டால் முடியும்.

கீதா: வித்யா படிப்புக்கு என் வளையல் அடகுக்குப் போனது. அப்போது இந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கோபால்: அந்தப் பேச்சு இப்போது எதுக்கு அக்கா. இந்தாங்க, அப்பா படம். காலையில் பறித்த இளநீரைக் குடிக்கிறார்.

வித்யா: ஐயோ மாமா, நிறுத்துங்க! கிட்னி போய் டயாலிசிஸில் இருக்கிற அப்புச்சிக்கா இளநீர்? எத்தனை குடித்தார்?

கோபால்: ஒன்று. ஒன்றரை. தெம்பில்லை என்றார், அதனால்தான் கொடுத்தேன்.

வித்யா: இளநீரில் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் இல்லாத நாளில் அது உடம்பிலேயே தங்கும், இதயத் துடிப்பையே பாதிக்கும். தெம்பில்லாததே அதன் அறிகுறியாக இருக்கலாம். டயாலிசிஸ் யூனிட்டுக்கு இப்போதே போன் போடுங்க.

கோபால்: போடுகிறேன்.

வித்யா: முட்டை கொடுக்கிறீங்களா?

கீதா: புரதம் குறைக்கச் சொன்னது நீதானே?

வித்யா: அது டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்னால் அம்மா. இப்போது கூட்ட வேண்டும். அப்புச்சியின் 60 கிலோவுக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம்.

மணி: அம்மா கவுச்சியை அடுப்பில் ஏற்ற விட மாட்டார்களே.

செல்வராஜ்: காய் கொடுக்கலாமா?

வித்யா: பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்க.

செல்வராஜ்: சத்தெல்லாம் போய்விடுமே!

வித்யா: பொட்டாசியம் போகத்தானே மாமா கொட்டச் சொல்கிறேன்.

கோபால்: யூனிட்டில் உடனே கூட்டிவரச் சொல்கிறார்கள். கார் சாவி யாரிடம்?

செல்வராஜ்: என்னிடம். கிளம்பிவிட்டேன். வித்யா, நீ போனில் இரு.

பாலு: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

நிவேதா: அப்பா, என்ன எழுதினீங்க?

மணி: அண்ணா, பணம் கட்டுவதா வேண்டாமா?

செல்வராஜ்: ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.

மணி: நாளை 4 மணி அண்ணா!

கோபால்: அப்பாவின் பச்சை ஃபைல் எங்கே?

கீதா: டிவி மேல்.