சானடோரியம் வளைகாப்பு: எங்கே இறங்குவது?

(குழு: பொன்னுசாமி தாத்தா குடும்பம்)

செல்வி: அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 10.30க்குத் திவ்யாவுக்கு வளைகாப்பு. மண்டபம் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, சிட்லப்பாக்கம் போகும் வழியில். யார் யார் எதில் வருகிறீர்கள் என்று இன்றே சொல்லுங்கள். இலைக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

ராஜம் அத்தை: (படம்: தாமரைப்பூ, காலை வணக்கம்)

கணேசன்: மதினி, நாங்கள் நெல்லை எக்ஸ்பிரஸ். அப்பா, அம்மா, நான், வீட்டில், பிள்ளைகள் இருவர். பாளையங்கோட்டைச் சித்தி வருவது இன்னும் உறுதியில்லை.

கோமதி அத்தை: எழும்பூரில் இறங்கிக்கொள்கிறோம். யாராவது வண்டி கொண்டு வாருங்கள்.

செல்வி: அத்தை, எழும்பூர் வரை எதற்கு? தாம்பரத்தில் இறங்கினால் வீடு பக்கம்.

கோமதி அத்தை: டிக்கெட் எழும்பூர் வரை எடுத்தாகிவிட்டது.

நடராஜன் சித்தப்பா: எழும்பூர் வரை டிக்கெட் இருந்தாலும் தாம்பரத்தில் தாராளமாக இறங்கலாம், முன்னதாக இறங்குவதை யாரும் கேட்கமாட்டார்கள். எழும்பூர் போய்விட்டால் மாம்பலம், கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று வந்த வழியே திரும்பி வரவேண்டும். தாம்பரத்திலிருந்து சானடோரியம் அடுத்த நிறுத்தம். சாதாரண மின்சார ரயிலில் ஆளுக்கு 5 ரூபாய். அந்தச் சிறு தூரத்துக்குத் தனியாக டிக்கெட் எடுங்கள், சோம்பல்படாதீர்கள். கோமதிக்கு முழங்கால் வலி இருப்பதால் அவளும் மாப்பிள்ளையும் தாம்பரத்திலிருந்து ஆட்டோவில் வரட்டும்.

கோமதி அத்தை: எனக்கு ஒன்றும் வலி இல்லை.

கணேசன்: (முன்னனுப்பிய செய்தி) அவசர அறிவிப்பு! தாம்பரம் யார்டு பணி காரணமாக மின்சார ரயில்கள் ரத்து. பல்லாவரம் – தாம்பரம் இடையே சேவை இல்லை. அனைவருக்கும் பகிரவும்.

பானு: ஐயோ, இதே ஞாயிறா?

செல்வி: கடவுளே. சமையல்காரரும் ரயிலில்தான் வருகிறார்.

கோமதி அத்தை: அதனால்தான் எழும்பூர் என்று சொன்னேன்.

நடராஜன் சித்தப்பா: பதற வேண்டாம். இது 2024இல் வந்த செய்தி. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தாம்பரம் யார்டை மாற்றி அமைத்தபோது உண்மையாகவே ரயில்களை ரத்து செய்தார்கள். செய்தியில் தேதி இல்லை பாருங்கள், தேதி இல்லாத ரயில் செய்தியை நம்பவே கூடாது. இந்த ஞாயிறுக்கு ஏதாவது பணி இருக்கிறதா என்று சனிக்கிழமை நானே நேரில் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, இடைவெளி கூடுதல். கடைசி நேரத்தில் ஓடி வராதீர்கள்.

கணேசன்: சரி மாமா. எனக்கு அலுவலகத்தில் ஒருவர் அனுப்பினார்.

கார்த்திக்: அக்கா, நாங்கள் பெங்களூரிலிருந்து சென்ட்ரல் வருகிறோம். டிக்கெட் இன்னும் காத்திருப்புப் பட்டியலில்.

நடராஜன் சித்தப்பா: கார்த்திக், சென்ட்ரலிலிருந்து சாலையைத் தாண்டினால் பார்க் ஸ்டேஷன். கவனமாகக் கேள்: பார்க் வேறு, பார்க் டவுன் வேறு. பார்க் டவுன் பறக்கும் ரயில் பாதையில் இருக்கிறது, அங்கே ஏறினால் வேளச்சேரி போய்விடுவாய். பார்க்கில் தாம்பரம் அல்லது செங்கல்பட்டு வண்டியில் ஏறு. விரைவு வண்டி சில நிலையங்களில் நிற்காமல் போய்விடும், ஏறுவதற்குமுன் சானடோரியத்தில் நிற்குமா என்று கேட்டுக்கொள். குளிர்சாதன மின்சார ரயில் வந்தால் 5 ரூபாய், 10 ரூபாய் டிக்கெட்டோடு ஏறிவிடாதே. 2025 ஏப்ரல் 19இல் தொடங்கியபோது அதன் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 85.

கார்த்திக்: சரி சித்தப்பா.

பானு: மதினி, வளையல் எங்கே வாங்குகிறீர்கள்? இங்கே கண்ணாடி வளையல் நன்றாகக் கிடைக்கிறது.

செல்வி: வாங்கி வா பானு. பச்சையும் சிவப்பும். கறுப்பு வேண்டாம்.

ராஜம் அத்தை: வேப்பிலைக் காப்பு மறக்காதே.

கணேசன்: மதினி, பிள்ளைகள் கேட்கிறார்கள்: சானடோரியம் என்றால் என்ன, ஸ்டேஷனுக்கு ஏன் அந்தப் பெயர்?

கார்த்திக்: சித்தப்பா, இது உங்கள் கேள்வி.

நடராஜன் சித்தப்பா: நல்ல கேள்வி, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு. ஸ்டேஷனுக்கு மேற்கே, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் இருக்கும் அரசு நெஞ்சக மருத்துவமனைதான் அந்தச் சானடோரியம். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் டாக்டர் சௌரி முத்து அதை 1928இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். அப்போது சிகிச்சை என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. அதனால் நகரத்துக்கு வெளியே பச்சைமலை அடிவாரத்தில் இடம் பார்த்தார். 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. அவர் அதற்குமுன் இங்கிலாந்தில் மென்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1914இல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்து போன நெவாசா கப்பலில் இவரும் இருந்தார். 1917இல் ராமானுஜன் நோயில் விழுந்தபோது இந்த முத்துவிடம்தான் போய்ச் சிகிச்சை பெற்றார். அப்படிப்பட்டவர் தொடங்கிய இடத்தின் பெயர் நம் ஸ்டேஷனில் இருக்கிறது.

கணேசா, பாதையின் கதையும் சொல்: கடற்கரை – தாம்பரம் பாதை 1931இல் மின்மயமானது. மீட்டர்கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில், நாட்டிலேயே அதுதான் முதல் மின்பாதை. அன்றைய தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்டது. முதலில் 1500 வோல்ட் நேர்மின்னோட்டம், பிறகு 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றினார்கள். மின்சார ரயிலில் நோயாளியைப் பார்க்க நகரத்திலிருந்து உறவினர் காலையில் வந்து மாலையில் திரும்பலாம். 2004 ஜூலை 1இல் கடைசி மீட்டர்கேஜ் வண்டி ஓடியது. அன்றைக்கு நான் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நடைமேடையில் நின்று பார்த்தேன்.

பானு: அருமை சித்தப்பா. பொட்டுப் பொட்டலம் எத்தனை வேண்டும் மதினி?

செல்வி: ஐம்பது.

நடராஜன் சித்தப்பா: இன்னொன்றும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். நம் குடும்பம் இந்த ஊருக்கு வந்ததே அந்த மருத்துவமனையால். அப்பா 1955இல் வேலை தேடி வந்தார் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். அவர் நோயாளியாக வந்தார்.

செல்வி: சித்தப்பா?

கோமதி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி அத்தை: அண்ணா, இதையெல்லாம் குழுவில் எதற்கு எழுதுகிறாய்? சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள்.

கார்த்திக்: சம்பந்தி வீட்டார் வேறு குழுவில் அத்தை. இதில் இல்லை.

கோமதி அத்தை: என் வீட்டுக்காரர் இருக்கிறார்.

நடராஜன் சித்தப்பா: இருக்கட்டும் கோமதி. எழுபது ஆண்டு ஆகிறது. அப்பா திருடிவிட்டு வரவில்லை, நோய் வந்து வந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக் குணமானார். குணமான பிறகு ஊருக்குப் போனால், அவர் குடித்த தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். சொந்த வீட்டில். அதனால்தான் திரும்பி வந்து ஸ்டேஷன் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார். அதைச் சொல்லாமல் மறைத்தது நாம்.

ராஜம் அத்தை: உண்மை. ஆச்சி அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போவாள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். நானும் தம்பியும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஸ்டேஷன்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொள்வார்.

நடராஜன் சித்தப்பா: அந்த மனிதரைப் பார்த்துத்தான் ரயில்வே வேலைக்கு ஆசைப்பட்டேன் அக்கா.

செல்வி: அப்பா இதை ஒருநாளும் சொன்னதில்லையே சித்தப்பா.

நடராஜன் சித்தப்பா: உன் அப்பாவுக்குத் தெரியும். கோமதி கல்யாணம் முடியட்டும் என்றார். பிறகு உன் கல்யாணம் முடியட்டும் என்றார். அப்படியே போய்விட்டது.

கோமதி அத்தை: அன்றைக்கு வெளியே தெரிந்திருந்தால் யார் பெண் எடுத்திருப்பார்கள்? உங்களுக்குப் பேசுவது எளிது.

சங்கரன் மாமா: எனக்குத் தெரியும்.

கோமதி அத்தை: என்ன தெரியும்?

சங்கரன் மாமா: பெண் பார்க்க வந்த அன்றே உன் அப்பா என்னைத் தனியாக ஸ்டேஷன் வரை அழைத்துப் போய்ச் சொன்னார். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கணேசன்: அப்பா!

கோமதி அத்தை: இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சங்கரன் மாமா: நீயும் சொல்லவில்லையே.

பானு: மாமா, உங்களுக்கு வணக்கம்.

நடராஜன் சித்தப்பா: மாப்பிள்ளை, அப்பா அதை எனக்குக்கூடச் சொல்லவில்லை. நன்றி.

கணேசா, பிள்ளைகளிடம் இதையும் சொல்லிவிடு. 1956இல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை, மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், கூட இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை என்று 1959இலும் 1960இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். உலகமே அதன்பிறகு சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. தம்ளரைக் கவிழ்த்தவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் கிடைத்தது. 1993இலிருந்து யாரும் தொடத் தயங்கிய எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் இந்த மருத்துவமனைதான் படுக்கை கொடுத்தது. நம் ஸ்டேஷன் பெயரைச் சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை.

கார்த்திக்: சித்தப்பா, ஞாயிறு மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்.

கோமதி அத்தை: வளைகாப்பில் நோய்க் கதை வேண்டாம். கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருப்பாள்.

ராஜம் அத்தை: அது சரி. சாப்பிட்ட பிறகு வீட்டில் பேசலாம்.

செல்வி: திவ்யா இப்போதுதான் படித்தாள். மாலையில் நடராஜன் தாத்தாவுடன் மருத்துவமனை வாசல் வரை நடந்துவிட்டு வரவேண்டும் என்கிறாள்.

கோமதி அத்தை: வளையல் போட்ட அன்று வெளியே போகக் கூடாது.

நடராஜன் சித்தப்பா: இன்னொரு நாள் அழைத்துப் போகிறேன்.

கணேசன்: மதினி, புளிச்சோறா எள்ளுச்சோறா?

செல்வி: ஐந்து வகைச் சோறும் உண்டு. முதலில் எண்ணிக்கை சொல்லுங்கள், மண்டபக்காரர் மூன்று முறை கேட்டுவிட்டார்.

கணேசன்: ஆறு பேர் உறுதி. சித்தி குடும்பம் வந்தால் ஒன்பது.

கார்த்திக்: எங்களுக்கு டிக்கெட் உறுதியானால் மூன்று. இல்லையென்றால் பஸ்.

செல்வி: பஸ் என்றால் எங்கே இறங்குவாய்?

நடராஜன் சித்தப்பா: பஸ்ஸில் வருவதாக இருந்தால் எனக்குத் தனியாகக் கூப்பிடு, வழி சொல்கிறேன். ஒரு வேண்டுகோள் எல்லோருக்கும்: சானடோரியத்தில் இறங்கியதும் மண்டபம் கண்ணுக்குத் தெரிகிறது என்று தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நெல்லை வண்டிக்கு நான் தாம்பரம் நடைமேடையில் நிற்கிறேன்.

கோமதி அத்தை: நாங்கள் எழும்பூரா தாம்பரமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சங்கரன் மாமா: தாம்பரம்.

கோமதி அத்தை: பார்க்கலாம்.

செல்வி: அறுபது இலை என்று சொல்லிவிடவா?

ராஜம் அத்தை: எழுபதாகச் சொல். பாளையங்கோட்டைக்காரர்கள் சொல்லாமல் வருவார்கள்.

கணேசன்: பெரியம்மா!