முதல் ட்ராக் சீசன்: மகள் பின்தங்குவது கியராலா, வேறு எதனாலாவதா?

கவுந்தப்பாடி அம்மா:

வணக்கம். என் மகளுக்கு 15 வயது. ரோடு பந்தயங்களில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள், இந்த ஆண்டுதான் ட்ராக்கில் இறங்கினாள். நம் பக்கம் வெலோட்ரோம் (ட்ராக் சைக்கிள் பந்தயம் நடக்கும் சரிவான ஓடுதளம்) இல்லாததால் நான்கு முறை ஈரோட்டில் ரயிலேறி சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூர் போய் வந்தோம். வெல்லச் சாக்குகளைப் பிரித்து நானே உறை தைத்தேன், சைக்கிள் அதில்தான் பயணம் செய்கிறது.

முதல் நாள் பயிற்சியிலேயே விழுந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ரோடு சைக்கிள் பழக்கத்தில் காலை நிறுத்திவிட்டாள். ட்ராக் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது, பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். அந்தப் பெடல் அவளைத் தூக்கி எறிந்தது. இடது முழங்கை முதல் தோள் வரை தோல் உரிந்துபோனது. மறுநாள் காலையில் கட்டோடு மறுபடி ஏறினாள். நான் தடுக்கவில்லை.

இப்போது என் கவலை வேறு. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, முதலில் முடிப்பவர் வெல்லும் ஸ்கிராட்ச் பந்தயத்தில் மூன்று முறையும் கடைசியாக வந்தாள். பாதிவரை கூட்டத்தோடு நன்றாகவே போகிறாள். யாராவது ஒருத்தி திடீரென்று பாய்ந்தால், இவள் எழுந்து நின்று மிதித்தும் பத்து மீட்டர் பிந்திவிடுகிறாள். பிறகு அந்த இடைவெளி அடைபடுவதே இல்லை. அவள் சைக்கிளின் முன் பல்சக்கரத்தில் 49 பல், பின் பல்சக்கரத்தில் 14 பல். பயிற்சி தருபவர், "இந்த கியரை மிதிக்கக் காலில் பலம் இல்லையென்றால் விட்டுவிடட்டும்" என்கிறார். சென்னிமலை மலைப்பாதையை நடுவில் கால் ஊன்றாமல் ஏறுகிறவள் அவள். பலம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2019இல் ஜெர்மனியில் ஜூனியர் உலகப் போட்டியின் டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்ற ஈசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் மூவரின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் விடப்போவதில்லை. கியர்தான் தவறா? வீட்டிலிருந்தே என்ன பழகலாம்?

பெருந்துறை பழைய சைக்கிள்காரன்:

அக்கா, அம்மணியின் காலில் குறை இல்லை. பின்பல்லில்தான் குறை.

49ஐ 14ஆல் வகுத்தால் 3.5. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர் என்று வைத்தால், பெடல் ஒரு முறை சுற்றும்போது சைக்கிள் 7.35 மீட்டர் நகர்கிறது. பின்னால் 16 பல் போட்டால் 6.43 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 14 பல்லில் நிமிடத்துக்கு 91 சுற்று மிதிக்க வேண்டும், 16 பல்லில் 104 சுற்று. ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்வரை பெரிய கியர், அதாவது பின்னால் 14 பல், சுகமாகத்தான் இருக்கும். எதிராளி பாய்ந்தால் அதை முடுக்குவதற்குள் அவள் போய்விடுவாள். ரோடு சைக்கிளில் கியரைக் குறைத்துக்கொள்ளலாம், ட்ராக்கில் தொடங்கும்போது போட்ட பல்தான் முடியும்வரை.

பயிற்சிக்கு 16, பந்தயத்துக்கு 15 போடுங்கள். பெரிய கியர் போடுகிற பெரியவர்கள் எல்லோரும் கால் சுழற்சியை ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகுதான் அங்கே போனார்கள். முதல் ஆண்டுப் பிள்ளைக்கு 14 பல்லைப் போட்டுவிட்டு விட்டுவிடச் சொல்வது அநியாயம். எனக்குக் கோபமே வருகிறது.

பல்லை மாற்றும்போது உடன் நில்லுங்கள். அதைப் பிடித்திருக்கும் லாக்ரிங் எதிர்மரை, ட்ராக் சைக்கிள் பார்த்திராத கடைக்காரர் தவறான பக்கம் திருப்பி மரையைக் கெடுத்துவிடுவார். அது சரியாக இறுகவில்லையென்றால், பெடலைப் பின்னோக்கி அழுத்தி வேகம் குறைக்கும்போது பல்சக்கரம் கழன்றுவிடும்.

கீழ்பவானி வாய்க்கால் கரைப் பாதையில் ரோடு சைக்கிளைச் சின்ன கியரில் போட்டு நிமிடத்துக்கு 110 சுற்று மிதிக்கட்டும். சீட்டில் உடம்பு துள்ளக் கூடாது, துள்ளினால் சுழற்சி இன்னும் வரவில்லை என்று பொருள். ட்ராக் சைக்கிளை மட்டும் தயவுசெய்து ரோட்டில் ஓட்டவிடாதீர்கள். பிரேக் இல்லை. எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் நிறுத்த வழியில்லை.

கணபதி லேத்:

வீட்டில் பழக, சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் ரோலர் வாங்குங்கள், அல்லது செய்துகொள்ளுங்கள். கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? என் மகனுக்கு நானே கடைந்து கொடுத்தேன். மூன்று இரும்பு உருளை, ஆறு பேரிங், ஒரு சட்டம், முன் உருளையைச் சுழற்ற ஒரு பெல்ட், அவ்வளவுதான். உருளை துல்லிய வட்டமாக இல்லையென்றால் சைக்கிள் குதிக்கும். முன் உருளை, முன்சக்கர அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் இருக்கட்டும். முதல் வாரம் கதவு நிலைக்கு நடுவில் வைத்து ஓட்டினால் இருபுறமும் கை ஊன்றிக்கொள்ளலாம். ட்ராக் சைக்கிளையே அதில் ஏற்றலாம், காலை நிறுத்தாத பழக்கமும் சேர்ந்து வரும்.

உடுமலைக்காரன்:

எந்தக் கோட்டில் ஓடுகிறாள் என்று பார்த்தீர்களா? ட்ராக்கின் நீளத்தைக் கணக்கிடுவது உள்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கும் கறுப்புக் கோட்டில். அதற்கு ஒரு மீட்டர் மேலே ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் 6.28 மீட்டர் அதிகம். ட்ராக் எத்தனை மீட்டராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பத்துச் சுற்றில் 60 மீட்டருக்கு மேல் வீண்.

கவுந்தப்பாடி அம்மா:

மூவருக்கும் நன்றி. உடுமலைத் தம்பி கேட்டதும் செல்போனில் எடுத்த வீடியோவை மறுபடி பார்த்தேன். மூன்று பந்தயத்திலும் கறுப்புக் கோட்டுக்கு வெளியே இருக்கும் சிவப்புக் கோட்டுக்கும் மேலே, எல்லோருக்கும் வெளியே தனியாக ஓடுகிறாள். அருகில் உட்கார வைத்துக் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உள்ளே போனால் பக்கத்துச் சக்கரம் பட்டு மறுபடி விழுந்துவிடுவேன் அம்மா" என்றாள். நான்கு முறை கூடவே போயும் இதை நான் கேட்டதே இல்லை.

கியரை மாற்றிவிடுவேன். இந்தப் பயத்துக்கு என்ன செய்வது?

பெருந்துறை பழைய சைக்கிள்காரன்:

புல்தரையில் பழகட்டும் அக்கா. பழைய சைக்கிள் இரண்டு, பக்கத்தில் அவள் நம்புகிற ஒருவர். நடக்கும் வேகத்தில் ஓட்டியபடி முழங்கை முழங்கையில் படட்டும், தோள் தோளில் படட்டும். பட்டாலும் விழுவதில்லை என்பதை உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும். வாயால் சொல்லி வராது.

கவுந்தப்பாடி அம்மா:

பள்ளி மைதானத்தில் அவளும் தம்பியும் நேற்று மாலை தொடங்கிவிட்டார்கள். முதலில் கையை இழுத்துக்கொண்டே இருந்தாள். இருட்டும் நேரத்தில் அவளே அவனைத் தோளால் இடித்தாள். மஞ்சள் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் அவள் அப்பா சுண்ணாம்பில் கோடு போட்டிருக்கிறார். கணபதி அண்ணா, ரோலருக்கு உருளை எத்தனை அங்குல விட்டத்தில் கடைந்தீர்கள்?