அப்பா உயில் எழுதவில்லை, தம்பி கையெழுத்துக் கேட்கிறான்

கேள்வி (திருமங்கலம்)

அப்பா 2009 ஆடி மாதம் தவறிப்போனார். மில் வேலையில் மிச்சம் பிடித்து 1981-ல் வாங்கிய மூன்றேகால் சென்ட் இடம், அதில் அவரே பக்கத்தில் நின்று கட்டிய வீடு. உயில் இல்லை. வீட்டுவரி ரசீதும் கரண்ட் பில்லும் இன்றுவரை அப்பா பெயரில்தான் வருகின்றன. அந்தப் பெயரை மாற்ற எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

இப்போது தம்பி வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டப்போகிறான். பேங்க் லோனுக்கு வீடு அவன் பெயரில் இருக்க வேண்டுமாம். எங்கள் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறான். "உனக்கு 88-லயே இருபது பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு. 89-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குச் சட்டப்படியே பங்கு இல்லையாம்க்கா" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியது அவன்தான். எனக்குப் பணமும் வேண்டாம். ஆனால் அம்மாவுக்கு 76 வயது. மாமியாரை, அதாவது எங்கள் அப்பத்தாவை, 2014-ல் அவர் கண் மூடும்வரை அந்தத் திண்ணையில் வைத்துப் பார்த்தவர். நாளைக்கு மருமகளோடு ஒரு வார்த்தை முற்றினால் அம்மாவுக்குப் பிடிமானம் என்ன? நான் கையெழுத்துப் போடலாமா?

பதில் 1 (திண்டுக்கல்)

உங்கள் தம்பி சொல்வது சரிதான். 25.3.1989-க்கு முன் திருமணமான பெண்களுக்குத் தமிழ்நாட்டில் பங்கு கிடையாது. என் பெரியம்மா மகளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். உறவு பெரிது, விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

பதில் 2 (பத்திர எழுத்தர், மதுரை)

அக்கா, அவசரப்பட வேண்டாம். 1989 தேதி வந்தது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கு. அதையும், மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்ற 2005 சட்டத் திருத்தமும், 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் மாற்றிவிட்டன. உங்கள் வீடு அந்தக் கணக்கிலேயே வராது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் அவர் இறந்தால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. மகளுக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆனது, எத்தனை பவுன் போட்டார்கள் என்று சட்டம் கேட்பதே இல்லை.

குடியிருக்கும் வீட்டை மகன் பிரிக்க முன்வந்தால்தான் மகள் பங்கு கேட்கலாம் என்று முன்பு ஒரு பிரிவு இருந்தது. 2005-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒன்று. அப்பா தவறியபோது உங்கள் அப்பத்தா உயிரோடு இருந்திருக்கிறார். மகன் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி பிள்ளைகளோடு சமமாகப் பங்கு பெறுபவர். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

சான்றிதழே இனிமேல்தான் வாங்க வேண்டும் அண்ணே. தம்பி எழுதிவைத்த விண்ணப்பத்தைப் பார்த்தேன். அம்மா, நான், அவன், மூன்று பெயர்தான். அப்பத்தாவுக்கு அப்பா போக ஒரு சித்தப்பா, ஒரு அத்தை. தாத்தா எப்போதோ போய்விட்டார்.

பதில் 2 (பத்திர எழுத்தர், மதுரை)

இந்த ஒரு பெயர் விட்டுப்போய் எத்தனையோ பத்திரம் பேங்க் வக்கீலிடம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள். வீடு முதலில் நான்கு பங்கு: அப்பத்தா, அம்மா, நீங்கள், தம்பி. அப்பத்தாவும் உயில் எழுதவில்லை என்றால் அவருடைய கால் பங்கு மூன்றாகும். சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, அப்பா இருந்தால் அவருக்குப் போயிருக்க வேண்டிய ஒன்று உங்களுக்கும் தம்பிக்கும். வீட்டை 24 பாகமாக வைத்தால் அம்மாவுக்கு 6, உங்களுக்கு 7, தம்பிக்கு 7, சித்தப்பாவுக்கு 2, அத்தைக்கு 2.

அதனால் நீங்களும் அம்மாவும் மட்டும் கையெழுத்துப் போட்டால் வீடு முழுசாகத் தம்பி பெயருக்குப் போகாது. அப்பத்தாவின் இறப்புச் சான்றிதழையும் எடுங்கள். அப்பா, அப்பத்தா இருவருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். சான்றிதழ் வாரிசு யார் என்றுதான் சொல்லும், சொத்தைப் பிரித்துக் கொடுக்காது. அதற்குப் பத்திரம் வேண்டும்.

செலவு: உடன்பிறந்தவர்களுக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. இது 2023 ஜூலையில் ஏறிய கணக்கு. சித்தப்பா, அத்தை எழுதிக்கொடுப்பதற்கு இந்தச் சலுகை உண்டா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பதில் 3 (தென்காசி)

என் அம்மா 2016-ல் அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு என் வீட்டில்தான் இருந்தார், கடைசிவரை. தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக் கிணற்றடியைப் பற்றித்தான் பேசுவார். அக்கா, உங்கள் பங்கை விடுவதானால் விடுங்கள், அது உங்கள் மனசு. அம்மாவின் பங்கை மட்டும் விட வைக்காதீர்கள்.

பதில் 2 (பத்திர எழுத்தர், மதுரை)

தென்காசி அம்மா சொல்வதே என் கருத்தும். அம்மா தன் 6 பாகத்தை வைத்துக்கொண்டே லோனில் கூட்டாகச் சேர முடியுமா என்று பேங்கில் கேளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அம்மாவைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும், ஆயுள் முழுக்க அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிப்பு நிபந்தனை எழுத்தில் இருந்தால்தான், பின்னால் பிசகு வந்தாலும் 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க நல்ல பிடி இருக்கும். வாய்ப்பேச்சை நம்பி எழுதாமல் விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று ராத்திரி அத்தைக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் இருக்கிறார், முட்டிவலி, வர முடியாது. "எங்க அம்மாவ உங்க அம்மா பார்த்ததுக்கு நான் எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்" என்று அழுதுவிட்டார். அங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் சித்தப்பா பெயருக்குப் பவர் எழுதிப் பதிவு செய்தால் போதுமா அண்ணே?

தம்பியிடம் 24 பாகக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்பத்தா பேரு எனக்குத் தோணவே இல்லக்கா" என்றான். ஞாயிற்றுக்கிழமை பிளானை எடுத்துக்கொண்டு வருகிறான். கீழ்த்தளத்தில் அம்மாவுக்குத் திண்ணையை ஒட்டி ஒரு அறை வேண்டும் என்று முதலில் கேட்கப்போகிறேன்.

பதில் 2 (பத்திர எழுத்தர், மதுரை)

பவர் எழுதலாம் அக்கா. எந்த அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பவரில் வீட்டின் சர்வே எண்ணும், விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் அதிகாரமும் தெளிவாக இருக்கட்டும். கிளம்பும் முன் 1981 கிரயப் பத்திரத்தைத் தேடி எடுத்து, அன்றிலிருந்து இன்றுவரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.